இட்லி மாவு வியாபாரம்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

மாவு வியாபாரத்தில் புகார் வரும் இடம் ஒன்று, கோளாறு இருக்கும் இடம் வேறொன்று. இட்லி கல்லாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் தவறு உளுந்து ஊறிய நேரத்தில் இருக்கும். கல்லாவில் காசு தங்கவில்லை என்றால் தவறு எடை மெஷினில் இருக்கலாம். அதனால் புகார் வந்ததும் கைக்கு எட்டியதை எல்லாம் மாற்றக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான். அரிசியையும் மாற்றி, தண்ணீரையும் குறைத்து, கூடவே நேரத்தையும் கூட்டினால், மறுநாள் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே புகார் திரும்பி வரும்.

இங்கே சொல்வது 10 அல்லது 20 லிட்டர் டில்டிங் கிரைண்டர் (டிரம்மைச் சாய்த்து மாவை வழிக்கும் வகை), ஒன்றிரண்டு ஃப்ரிட்ஜ், நாளுக்கு 50 முதல் 100 கிலோ மாவு, பக்கத்து மளிகைக் கடைகளுக்குப் பாக்கெட், வாசலில் கொஞ்சம் சில்லறை விற்பனை என்ற அளவில் நடத்துகிறவர்களுக்கு.

முதலில் மூன்று பொருள் வேண்டும்: மாவுக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர், முத்திரை போட்ட எடை மெஷின், ஒரு நோட்டு. நோட்டில் ஒவ்வொரு ஈட்டுக்கும் (ஒரு தடவை சேர்த்து அரைக்கும் மாவு ஓர் ஈடு) எழுத வேண்டியவை: எந்த மூட்டை உளுந்து, எத்தனை மணி நேரம் ஊறியது, எவ்வளவு தண்ணீர் ஊற்றியது, கல்லிலிருந்து வழிக்கும்போது மாவின் சூடு, பாக்கெட் ஃப்ரிட்ஜுக்குள் போன நேரம். இந்த நோட்டு இல்லாமல் கீழே உள்ளவற்றில் பாதியைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு: இட்லி அரிசி 10 கிலோ, முழு வெள்ளை உளுந்து 2.5 கிலோ, வெந்தயம் 50 கிராம், உப்பு 250 கிராம். நல்ல உளுந்தாக இருந்தால் ஏறக்குறைய 28 கிலோ மாவு காணும். அதே அளவுக்கு 25 கிலோதான் வருகிறதென்றால் உளுந்து பொங்கவில்லை, அல்லது தண்ணீர் போதவில்லை. 31 வந்தால் சந்தோஷப்பட வேண்டாம், தண்ணீர் ஓடிவிட்டது.

பாக்கெட் பந்து மாதிரி உப்புகிறது, கடையிலேயே சீல் பிரிகிறது

முதல் கேள்வி: எல்லாக் கடையிலும் உப்புகிறதா, ஒன்றிரண்டு கடையில் மட்டுமா?

ஒன்றிரண்டு கடையில் மட்டும் என்றால் கோளாறு அங்கே. கரன்ட் பில்லை மிச்சப்படுத்த ராத்திரி கடை சாத்தும்போது ஃப்ரிட்ஜையும் நிறுத்திவிட்டுப் போகும் பழக்கம் பல இடத்தில் உண்டு. காலையில் திறந்ததும் போடுவார்கள், தொட்டுப் பார்த்தால் குளிர்ந்துதான் இருக்கும். கடை திறக்கும் நேரத்துக்குப் போய்த் தெர்மாமீட்டரைப் பாக்கெட்டுகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். கூல்டிரிங்ஸ் கம்பெனி கொடுத்த கண்ணாடிக் கதவுப் பெட்டி என்றால் இன்னொரு சிக்கல்: கதவை நிமிஷத்துக்கு ஒரு முறை திறப்பதால் மேல் தட்டில் 10 டிகிரிக்கு மேலேயே நிற்கும். மாவுக்கு வேண்டியது 4, 5 டிகிரி. கீழ்த் தட்டில் உள்பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். அதற்கும் இடம் இல்லாத கடைக்கு அன்றன்று விற்கும் அளவுக்கு மேல் ஒரு பாக்கெட்கூடக் கொடுக்காதீர்கள்.

எல்லாக் கடையிலும் உப்புகிறது என்றால் உங்கள் பக்கம் பாருங்கள். பெரும்பாலும் காரணம் மாவு சூட்டோடு பாக்கெட்டில் போனதுதான். கிரைண்டரில் அரைபடும்போதே மாவு சூடேறும். அக்னி நட்சத்திர நாட்களில் வழிக்கும்போது 36, 37 டிகிரி இருப்பது சாதாரணம். அந்தச் சூட்டில் 20 லிட்டர் அண்டாவோடு ஃப்ரிட்ஜுக்குள் தூக்கி வைத்தால் ஓரம் மட்டும் குளிரும், நடு மையம் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே கிடந்து புளித்துக்கொண்டிருக்கும். வெளியே தொட்டால் தெரியாது. நடுவில் குத்திப் பார்த்தால்தான் தெரியும்.

செய்ய வேண்டியது:

1. ஊறிய உளுந்தை அரைக்கும் முன் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.
2. அரைக்க ஊற்றும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கைக் குடிநீரில் செய்த ஐஸாகப் போடுங்கள். மீன் மார்க்கெட் ஐஸ் இதற்கு ஆகாது. வழிக்கும்போது 28 டிகிரியைத் தாண்டாமல் இருந்தால் போதும்.
3. அண்டாவில் குளிரவைக்காதீர்கள். முதலில் பாக்கெட் போட்டு, ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் ஒற்றை அடுக்காக நிறுத்தி, இடையில் காற்று போக இடம் விட்டுக் குளிரவையுங்கள். நன்றாகக் குளிர்ந்த பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.
4. பாக்கெட்டில் கால் பங்கு இடம் காலியாக விட்டு, காற்றை வழித்துவிட்டு சீல் போடுங்கள். ஊசியால் துளை போடுவது சிலர் வழக்கம். உப்புவது நிற்கும், ஆனால் மாவு கசியும், வாசனை ஏறும். அது வைத்தியம் அல்ல.

புளித்த மாவை அடைக்கிறீர்களா, அரைத்த உடனே அடைக்கிறீர்களா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். சிலர் இரண்டுங்கெட்டானாக இரண்டு மூன்று மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அடைப்பார்கள். அந்த நேரம் மார்கழியில் ஒரு பலன் தரும், சித்திரையில் வேறு பலன் தரும். கடைகளுக்குக் கொடுப்பவர் அரைத்த ஒரு மணி நேரத்துக்குள் அடைத்துக் குளிரவைத்து, "சமைக்கும் முன் இத்தனை மணி நேரம் வெளியே வைக்கவும்" என்று கவரில் அச்சிடுவதே பத்திரம். வாசலில் வாங்குபவருக்குப் புளித்த மாவு தனியாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளே புளிக்கிறது, ஆனால் பாக்கெட் உப்பவில்லை

சூடு சரியாக இருந்தும் புளிப்பு முந்துகிறதென்றால் பழைய மாவு எங்கோ கலக்கிறது. கிரைண்டர் கல்லின் அடியில், குழவி மாட்டும் அச்சைச் சுற்றி, அண்டா விளிம்பின் மடிப்பில், ஃபில்லிங் மெஷின் வைத்திருந்தால் அதன் குழாய் வளைவில் நேற்றைய மாவு ஒட்டியிருக்கும். அது உறை மாதிரி வேலை செய்யும். அரைத்து முடித்த உடனே, காய்வதற்குள், குழவியைக் கழற்றிக் கழுவ வேண்டும். காய்ந்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் கல்லின் கொத்துப் பள்ளத்திலிருந்து வராது.

இன்னொரு காரணம் சொன்னால் பலருக்குக் கோபம் வரும்: கடையில் விற்காமல் ரிட்டர்ன் வந்த மாவைப் புது ஈட்டில் கலப்பது. 3 கிலோவை வீணாக்க மனம் வராமல் கலந்தால் 28 கிலோவும் போகும். சட்டப்படியும் தவறு. திரும்பி வந்தது மாட்டுக்குத்தான்.

அரிசியை ராத்திரி முழுக்க ஊறவைப்பதும் கோடையில் புளிப்பை முந்தவைக்கும். ஊறிய தண்ணீரில் நுரை கட்டியிருந்தால், வாடை வந்தால், புளிப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. அரிசிக்கு 4 முதல் 5 மணி நேரம், உளுந்துக்கு 2 மணி நேரம் போதும். உளுந்து 4 மணி நேரத்தைத் தாண்டினால் பொங்குவதும் குறையும்.

புளிக்கவே இல்லை

மார்கழி, தை மாதங்களில் வரும் புகார் இது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வருஷம் முழுக்க வரும். மாவு பொங்க 28 முதல் 32 டிகிரி வேண்டும். 20 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்தாலும் சரியாகப் பொங்காது. ஆனால் குளிர் என்று முடிவு கட்டும் முன் மூன்றைப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரில் குளோரின் வாடை வருகிறதா? லாரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சில நாள் தூக்கலாக இருக்கும். முந்தின நாளே வாயகன்ற பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வையுங்கள்.

உப்பு கூடிவிட்டதா? ஆள் மாறும்போது அடிக்கடி நடப்பது இது. கைப்பிடி அளவு ஆளுக்கு ஆள் மாறும். 28 கிலோ மாவுக்கு 250 கிராம் என்று எடை போட்டு, முன்கூட்டியே சின்னக் கவர்களில் கட்டி வைத்துவிட்டால் தகராறே இல்லை. குளிர் காலத்தில் அதிலும் பாதியை அரைக்கும்போதும் மீதியைப் பொங்கிய பிறகும் சேர்க்கலாம்.

அரைக்கும்போது மாவு கொதிக்கக் கொதிக்க வந்ததா? ரொம்பச் சூடானால் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் அடிபடும்.

இவை எல்லாம் சரியென்றால் நேற்றைய நல்ல ஈட்டிலிருந்து 10 கிலோவுக்கு 300 கிராம் எடுத்துக் கலந்து, அண்டாவைச் சாக்கு சுற்றி, காற்றுப் படாத இடத்தில் வையுங்கள். இதற்கு எடுக்கும் மாவு உங்கள் இடத்தைவிட்டு வெளியே போகாததாக இருக்க வேண்டும். ரிட்டர்ன் மாவு இதற்கும் ஆகாது.

ஆப்பச் சோடா போட்டுப் பொங்கவைப்பது ஏமாற்று வேலை. முதல் தட்டு பூவாக வரும். சாயங்காலமே இட்லி மஞ்சளடித்து, சவர்க்கார வாடை அடிக்கும். அந்த வீட்டுக்காரம்மா மறுபடி உங்கள் கடைப் படி ஏற மாட்டார்.

இட்லி சரியில்லை என்று சொல்கிறார்கள்

"சரியில்லை" என்பதில் நாலு விதம் இருக்கிறது. எது என்று கேட்டு வாங்க வேண்டும். முடிந்தால் ஒரு இட்லியைக் கொண்டுவரச் சொல்லிப் பிட்டுப் பாருங்கள். அதற்கு முன் ஒவ்வொரு ஈட்டிலிருந்தும் நீங்களே நாலு இட்லி ஊற்றிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் புகார் பாதியாகும்.

கனமாக, உள்ளே துளை இல்லாமல், கல் மாதிரி: உளுந்து பொங்கவில்லை. அரைத்த உளுந்து மாவில் ஒரு சொட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். மிதக்க வேண்டும், மூழ்கினால் இன்னும் அரைபடவில்லை. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து குழவிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடும், காற்றுப் பிடிக்காது. முதலில் கொஞ்சம் ஊற்றிக் கெட்டியாக மசியவிட்டு, பிறகு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை தெளித்துத் தெளித்து, 30 நிமிஷம் வரை அரைக்க வேண்டும். 2.5 கிலோ உளுந்துக்கு, ஊறியது போக, அரைக்க மட்டும் 4 முதல் 5 லிட்டர் குடிக்கும். இவ்வளவு செய்தும் மூழ்கினால் உளுந்து பழையது. வருஷம் தாண்டிய உளுந்து விலை மலிவாக இருக்கும், பொங்காது. டெல்டாவில் நெல் தரிசு உளுந்து (நெல் அறுவடையான வயலில் விளைவது) பங்குனி, சித்திரையில் சந்தைக்கு வரும். அந்த நேரம் வாங்கி வைப்பது நல்லது. மூட்டை வாங்கும் முன் கால் கிலோ மட்டும் வாங்கி அரைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மண்டிக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தட்டையாக, புளிப்பாக: மாவு பொங்கி அடங்கிவிட்டது. நேரம் கூடிப்போனது. மேலே சொன்ன சூட்டுக் கணக்கைப் பாருங்கள்.

பிசுபிசுப்பாக, தட்டில் ஒட்டி: அரிசி மைபோல அரைபட்டிருக்கும், அல்லது உளுந்து கூடியிருக்கும். இட்லிக்கு அரிசி நைஸ் ரவைப் பதத்தில் நிற்க வேண்டும், விரலில் தேய்த்தால் நெருநெருக்க வேண்டும். ஆடுதுறை 37, அம்பாசமுத்திரம் 16 மாதிரி குண்டு ரகப் புழுங்கல் அரிசிக்குப் பழகிய அளவை, கடையில் இருந்தது என்று வேறு அரிசி வாங்கி அப்படியே போட்டாலும் இப்படி ஆகும். அரிசி மாறினால் தண்ணீர் மாறும். முதல் ஈட்டில் அரை லிட்டர் குறைத்துத் தொடங்குங்கள்.

தோசைக்கு நன்றாக இருக்கிறது, இட்லிதான் வரவில்லை: பெரும்பாலும் வீட்டில் மாவைக் கரண்டியால் அடித்துக் கலக்கியிருப்பார்கள். பொங்கிய காற்று அத்தனையும் போயிருக்கும். "மேலாகக் கிளறி ஊற்றவும்" என்று கவரில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

மாவின் நிறம் மாறுகிறது

இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை எதுவாக இருந்தாலும் பூஞ்சையும் கிருமியும் என்று எடுத்துக்கொண்டு முழுவதையும் கொட்டுங்கள். மேலே வழித்துவிட்டு விற்கும் பேச்சே இல்லை. அன்றே ஃப்ரிட்ஜின் ரப்பர் விளிம்பையும் கிரேட்டையும் கழுவுங்கள்.

சாம்பல் நிறம், பல்லில் நெருநெருப்பு இருந்தால் கல் புதிதாகக் கொத்தியதா என்று பாருங்கள். கொத்திய பிறகு இரண்டு மூன்று முறை மலிவு அரிசியை அரைத்துக் கொட்ட வேண்டும். அந்த 2 கிலோவில் கஞ்சத்தனம் கூடாது. கறுப்புக் கோடு கோடாக வந்தால் பேரிங்கிலிருந்து கிரீஸ் கசிகிறது. நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். லேசான மஞ்சள் என்றால் வெந்தயம் கூடிவிட்டது, அவ்வளவுதான்.

கிரைண்டர் முனகுகிறது, சுற்றவில்லை

உடனே சுவிட்சை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்குங்கள். இரண்டு நிமிஷம் முனகவிட்டால் மோட்டார் காயில் கருகும். பிளக் வெளியே இருக்கும்போது டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றக் கஷ்டமாக இருந்தால் அளவுக்கு மேல் போட்டிருக்கிறீர்கள், அல்லது பேரிங் இறுகிவிட்டது. இலகுவாகச் சுற்றினால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். சிங்கிள் பேஸ் மோட்டாருக்கு முதல் உந்துதல் கொடுப்பது அதுதான். பழைய கெப்பாசிட்டர் மேல் எழுதியுள்ள அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் பார்த்து மாற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், எலக்ட்ரீஷியனை வைத்தே கழற்றுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் இப்படி நடக்கிறதென்றால் வோல்டேஜ் இறங்குகிறது. மீட்டர் வைத்துப் பாருங்கள். 200க்குக் கீழே போகிறதென்றால் அரைக்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றுவதே மலிவான வழி.

மோட்டார் வேகமாக ஓடுகிறது, டிரம் மட்டும் திணறுகிறது என்றால் பெல்ட் வழுக்குகிறது. மாவுத் தண்ணீர் பட்டிருந்தால் துடையுங்கள். பெல்ட்டின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் உள்வாங்கினால் சரி. அதற்கு மேல் தொங்கினால் மோட்டாரைத் தள்ளி இறுக்குங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். வி பெல்ட் மேலேயே எண் இருக்கும். அதே எண்ணில் ஒன்று எப்போதும் ஆணியில் தொங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எந்தக் கடையும் திறந்திருக்காது.

அரைபடும் நேரம் கூடிக்கொண்டே போவதுதான் ஏமாற்றும் அறிகுறி. 30 நிமிஷத்தில் ஆன அரிசி 45 நிமிஷம் எடுக்கும், ஆள் சும்மா இருக்கிறான் என்று திட்டுவீர்கள். கல் மழுங்கியிருக்கும். நேரம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் பாக்கெட் உப்பும். நோட்டில் அரைத்த நேரத்தை எழுதிவந்தால், கல் கொத்த வேண்டிய நாள் தானாகவே தெரியும்.

கிரைண்டரைத் தொட்டால் சுரீர் என்கிறதா, அன்றைக்கு வேலையே வேண்டாம். ஈரத் தரை, வெறுங்கால், பெரிய மோட்டார். எர்த் கம்பி சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட பிறகுதான் மறுபடி சுவிட்ச் போட வேண்டும்.

வியாபாரம் நடக்கிறது, கையில் காசு இல்லை

இதில்தான் அதிகம் பேர் மூழ்குகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக. கீழே உள்ள விலைகள் கணக்குப் புரிவதற்கான உதாரணம், உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

20 கிலோ அரிசி 45 ரூபாய்க்கு 900. 5 கிலோ உளுந்து 130 ரூபாய்க்கு 650. வெந்தயம், உப்பு 30. மொத்தம் 1,580. மாவு 56 கிலோ. கிலோவுக்கு 28 ரூபாய் சொச்சம். கடைக்கு 42 ரூபாய்க்குக் கொடுக்கிறோம், கிலோவுக்கு 14 ரூபாய் லாபம் என்று பலர் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

மீதியையும் போடுங்கள். கவர் 112, கரன்ட் 90, வாடகை நாளுக்கு 200, ஆள் கூலி 600, வண்டிப் பெட்ரோல் 120. இப்போது மொத்தம் 2,702. கிலோவுக்கு 48 ரூபாய். 42க்குக் கொடுத்தால் வரவு 2,352. நாளுக்கு 350 ரூபாய் நஷ்டம், அதுவும் உங்கள் உழைப்புக்கு ஒரு பைசா வைக்காமல்.

அதே இடம், அதே ஆள், 100 கிலோ போட்டால்? சரக்கு 2,821, கவர் 200, கரன்ட் 150, மற்றவை மாறாமல் 920. மொத்தம் 4,091. வரவு 4,200. மிச்சம் 109 ரூபாய். மூன்று பாக்கெட் ரிட்டர்ன் வந்தால் அதுவும் போச்சு. எனவே கடைகளுக்கு மட்டும் கொடுத்து இந்த அளவில் பிழைக்க முடியாது. வாசலில் 50 ரூபாய்க்குப் போகும் ஒவ்வொரு கிலோவும் 8 ரூபாய் கூடுதல். 100 கிலோவில் 40 கிலோ வாசலில் போனால் 320 ரூபாய் சேரும். கடைகளைக் கூட்டுவதற்கு முன் வாசல் விற்பனையைக் கூட்டுங்கள் என்பது இதனால்தான்.

இனி ஒழுகும் இடங்கள்.

எடை. 1 கிலோ பாக்கெட்டில் கை தாராளமாக 1,040 கிராம் விழுந்தால் 100 கிலோவுக்கு 4 கிலோ இலவசமாகப் போகிறது, 168 ரூபாய். மேலே மிச்சம் பார்த்த 109ஐவிட அது அதிகம். தினமும் ஏதாவது பத்துப் பாக்கெட்டை எடுத்து எடை போட்டு எழுதுங்கள். எடை குறையவும் கூடாது, அது வேறு தலைவலி. மெஷின் மேல் ஃபேன் காற்றுப் பட்டால் எண் ஆடும். அடியில் மாவு உறைந்தால் பொய் சொல்லும். மாவைக் கரண்டியாலோ டம்ளராலோ அளந்து விற்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பொங்கிய மாவு அளவில் அதிகம், எடையில் குறைவு. காலையில் வாங்கியவருக்கும் மாலையில் வாங்கியவருக்கும் ஒரே டம்ளரில் வேறு வேறு எடை போகும், சண்டை நிச்சயம்.

கடன். 20 கடை, ஒரு வாரக் கடன் என்றால் உங்கள் பணம் ஒரு வாரத்துக்கு அவர்கள் கல்லாவில் தூங்குகிறது. புதுச் சரக்கு இறக்கும்போது பழைய பில் தீர வேண்டும் என்ற ஒரே விதியை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் மனஸ்தாபம்தான் வரும். "அண்ணாச்சி, நேத்து பில்லை முடிச்சுட்டா இன்னைக்கு இறக்கிடுறேன்" என்று சிரித்தபடியே தினமும் சொல்லிப் பழகினால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள். மூன்று முறை இழுத்தடிக்கும் கடையை விட்டுவிடுங்கள். ஹாஸ்டல், கேன்டீன் மாதிரி பெரிய இடத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள், அது இலவசம். பதிவு செய்த குறுந்தொழிலுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது.

ஜிபே, போன்பே. ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் பணம் வந்ததாகக் கணக்கில்லை. ஸ்பீக்கர் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் போனில் விழ வேண்டும். ராத்திரி கடை சாத்தும்போது பணமும் யுபிஐயும் கடனும் சேர்த்து, விற்ற கிலோவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். வீட்டுச் செலவுக்கு அதே அக்கவுன்டிலிருந்து எடுத்தால் இந்தக் கணக்கு என்றைக்கும் பொருந்தாது. தனி அக்கவுன்ட் வேண்டும்.

தண்டல். 10,000 ரூபாய் எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். 1,500தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக உங்கள் கையில் இருப்பது 4,250தான். அதற்கு 100 நாளில் 1,500 என்றால் ஆண்டுக்கு 120 சதவீதத்துக்கு மேல். கிலோவுக்கு ஒரு ரூபாய் மிஞ்சும் தொழில் இதைத் தாங்காது. அவசரத்துக்கு வாங்கியே ஆக வேண்டும் என்றால் நகையை வங்கியில் வைப்பது எத்தனையோ மேல். உளுந்து மூட்டை மொத்தமாக வாங்கத் தண்டல் எடுப்பது தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது.

ரிட்டர்ன் கூடிக்கொண்டே போகிறது

கடைவாரியாக மூன்று கட்டம் போடுங்கள்: கொடுத்தது, விற்றது, திரும்பியது. எல்லாக் கடைக்கும் தினமும் பத்துப் பத்து என்று இறக்குவதுதான் நோய். வெள்ளிக்கிழமை கொடுப்பதும் சனிக்கிழமை கொடுப்பதும் ஒன்றாக இருக்க முடியாது. கடந்த மூன்று சனிக்கிழமைகளின் விற்பனைச் சராசரி, கூட ஒரு பாக்கெட், அதுதான் வரும் சனிக்கிழமைக்கு. அமாவாசை, கிருத்திகை நாட்களில் ராத்திரிப் பலகாரத்துக்காகக் கூடும். மே மாதம் குடும்பங்கள் ஊருக்குப் போவதால் குடியிருப்புப் பகுதிகளில் சட்டென்று விழும். காலண்டரை நோட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

பாக்கெட் நன்றாக இருந்தும் திரும்புகிறதென்றால் புதியது முன்னாலும் பழையது பின்னாலும் அடுக்கப்படுகிறது. கடைக்காரர் அடுக்க மாட்டார், உங்கள் டெலிவரிப் பையன்தான் பழையதை முன்னால் இழுத்துவிட வேண்டும். கிழமைக்கு ஒரு நிற ரப்பர் பேண்டு போட்டால் தேதியைப் படிக்காமலே தெரியும். தேதி அச்சும் கட்டாயம் இருக்க வேண்டும், ரப்பர் பேண்டு அதற்கு மாற்று இல்லை.

அதிகாரி வந்தார், கேள்வி கேட்டார்

பாக்கெட்டில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், சேர்த்த பொருட்கள், நிகர எடை, தயாரித்த தேதி, எத்தனை நாள் வரை பயன்படுத்தலாம், அதிகபட்ச விலை, உங்கள் முழு முகவரி, புகாருக்கான போன் எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண். எண் இருந்து முகவரி மாறியிருந்தாலும் நோட்டீஸ் வரும். எடை மெஷினுக்கு முத்திரை தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு போடுவது. மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி நிறையப் பேருக்குத் தேவையில்லாத பயம், சிலருக்குத் தேவையான பயம் இல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. நாளுக்கு 100 கிலோ, 42 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 15 லட்சம் சொச்சம்தான். ஆனால் ஓசூரில் அரைத்துப் பெங்களூருக்கு அனுப்பினால், அல்லது கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு அனுப்பினால், ஒரு ரூபாய்ச் சரக்காக இருந்தாலும் பதிவு கட்டாயம். மாநிலம் தாண்டினால் காம்போசிஷன் திட்டமும் (சிறு வியாபாரிகள் விற்றுமுதலில் சிறு சதவீதம் மட்டும் கட்டும் எளிய முறை) கிடையாது.

வீட்டு மின் இணைப்பில் கிரைண்டர் ஓட்டுவது தெரிந்தே செய்யும் தவறு. 2003ஆம் வருஷ மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் போடலாம், அதுவும் பின்தேதியிட்டு. தனி இணைப்பு கேட்கும்போது நேராகக் கடைக் கட்டணத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 12 கிலோவாட் வரையிலான குறுந்தொழில்களுக்கு 3ஏ1 என்று தனி வகை இருக்கிறது. உத்யம் சான்றிதழை இணைத்து, உங்கள் இடம் அதில் வருமா என்று மின் வாரிய உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.